பாப்பாவும் மடிக்கும்

மகளுக்கு என்ன பொம்மை வாங்கி வரலாம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும். வீட்டில் ஒரு கூடை நிறையப் பொம்மைகள் கிடக்கின்றன. அவளுக்கு இரண்டரை வயது ஆகப்போகிறது. கூடையைக் கவிழ்த்துக் கொட்டுவதோடு அந்தப் பொம்மைகளுக்கும் அவளுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. அவள் கண்ணெல்லாம் எங்கள் கையில் இருப்பவற்றின் மேல்தான். ஈரத்துணி, சாவிக்கொத்து, துணி கிளிப், மூடி போட்ட டப்பா, எதுவானாலும் சரி. நான் குனிந்து ஒன்றை எடுத்தால் அவளும் குனிகிறாள். நான் எதையாவது தேடினால், என்ன தேடுகிறேன் என்று தெரியாமலேயே அவளும் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடுகிறாள்.

பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்த வயதுக் குழந்தை வேடிக்கை காட்டச் சொல்லி நம் காலைச் சுற்றுவதில்லை. நம் வேலையில் தனக்கும் ஒரு பங்கு கேட்டுத்தான் சுற்றுகிறது. அதைக் கொடுத்த நாள் ஒருவிதமாகப் போகிறது, கொடுக்காத நாள் வேறுவிதமாகப் போகிறது. குழந்தை வளர்ப்பு என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

துணி மடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணியைக் கொண்டுவந்து கட்டிலில் குவித்ததும் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். கட்டிலில் ஏறுவதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் வயிறு, பிறகு ஒரு முட்டி, பிறகு விரிப்பைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு. மேலே வந்ததும் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை உருவுவாள். பல சமயம் அகப்படுவது போர்வையாக இருக்கும். அது தன்னால் ஆகாது என்று சற்று நேரத்தில் அவளுக்கே தெரிந்துவிடும். தள்ளிவிட்டு அடுத்ததைத் துழாவுவாள். கைக்குட்டை கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். அதுதான் அவள் கைக்குச் சரியான அளவு.

அதைத் தொடையில் விரிப்பாள். விரல்களை நீட்டி உள்ளங்கையால் நீவுவாள். அப்பா சுருக்கம் எடுப்பது அப்படித்தான் என்று பார்த்து வைத்திருக்கிறாள். பிறகு ஒரு முனையைப் பிடித்து எதிர் முனைக்குக் கொண்டுபோவாள். பாதி வழியில் மற்ற கை விட்டுவிடும், துணி சுருண்டுகொள்ளும். மறுபடி விரிப்பாள், மறுபடி நீவுவாள். உதடு குவிந்திருக்கும், மூச்சு சத்தமாகக் கேட்கும். நாலைந்து முறைக்குப் பிறகு கையில் இருப்பது ஓர் உருண்டை. அதைக் கொண்டுவந்து, நான் மடித்து வைத்த அடுக்கின் உச்சியில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டி, "மச்சாச்சு" என்பாள். மடித்தாகிவிட்டதாம்.

அந்த உருண்டையைப் பிரித்து நான் திரும்ப மடிப்பதில்லை. அவள் கண்ணெதிரே பிரித்தால், நீ இவ்வளவு நேரம் செய்தது வேலையே இல்லை என்று சொன்னதாகிவிடும். அப்படியே அலமாரிக்குப் போகும். கைக்குட்டை சுருண்டு கிடப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

என் அம்மா வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா பச்சப்புள்ளயப் போயி வேலை வாங்குற? குடு, நான் ரெண்டு நிமிஷத்துல மடிச்சுடறேன்" என்றார்.

"நான் எங்கம்மா வாங்குறேன்? அவதான் விடமாட்டேங்குறா."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சீக்கிரம் முடியவேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஆனால் அந்த நேரத்தை நான் துணிக்குக் கொடுத்த நேரமாகக் கணக்கு வைப்பதில்லை. எப்படியும் அவளோடு இருக்கவேண்டிய நேரம்தானே அது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இங்க பாரு கண்ணு, இந்த மூலையப் புடி, விடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2006-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 18 மாதக் குழந்தைகள் 24 பேர். அறையில் முன்பின் தெரியாத ஒருவர் கயிற்றில் துணி மாட்டுகிறார். கிளிப் ஒன்று கை தவறி விழுகிறது. எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. இன்னொரு சமயம் இரண்டு கையிலும் இதழ்களைச் சுமந்துகொண்டு, கதவு மூடிய அலமாரியில் போய் முட்டி நிற்கிறார். "எடுத்துக் கொடு" என்று அவர் கேட்பதில்லை, கொடுத்தால் நன்றி சொல்வதும் இல்லை. இருந்தும் 24 பேரில் 22 பேர் ஒரு முறையாவது உதவிக்குப் போனார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு விஷயம். அதே கிளிப்பை அவர் வேண்டுமென்றே வீசி எறிந்தபோது குழந்தைகள் பெரும்பாலும் எடுத்துத் தரவில்லை. கீழே கிடக்கும் பொருளைப் பார்த்து அவர்கள் ஓடுவதில்லை, நம் முகத்தையும் கையையும் பார்த்து, இவருக்கு இது வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டு ஓடுகிறார்கள். வாக்கியமாகப் பேசவே தொடங்காத வயதில்!

எங்கள் வீட்டிலும் கிளிப்தான் அவளுடைய இலாகா. டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடிக்குக் கீழே நிற்பாள். நான் கையை நீட்டினால் ஒன்று வைப்பாள். சில சமயம் நீட்டாமலேயே வைப்பாள்.

இதே ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் செய்த இன்னொரு சோதனையைப் பெற்றோர் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். 20 மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு உதவிய ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பரிசு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பாராட்டு, அல்லது ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்தினால், பரிசு பெற்றுப் பழகிய குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்ற பேரத்தை நாமே கொண்டுவந்து நுழைக்காதவரை, குழந்தைக்கு அது தேவைப்படவே இல்லை. ஆகவே கிளிப்புக்கு எங்கள் வீட்டில் கூலி கிடையாது. "நீ எடுத்துக் குடுத்தே, கொடி ஃபுல்லாயிடுச்சு பாரு" என்பேன். அவளும் அண்ணாந்து பார்ப்பாள். அது உண்மை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பங்கு கேட்கும் குழந்தை அதோடு நிற்பதில்லை. தானேதான் செய்யவேண்டும் என்ற வீம்பும் இதே வயதில் வந்து சேர்கிறது. காரணமும் இருக்கிறது. பியூலா ஆம்ஸ்டர்டாம் என்பவர் 1972-ல் குழந்தைகளின் மூக்கில் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டுப் பார்த்தார். சின்னக் குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது இன்னொரு குழந்தை என்று நினைத்து விளையாடின. 20 முதல் 24 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது தெரிந்து சில மாதங்களே ஆன ஒருத்தி, எல்லாவற்றையும் தன் கையால் செய்து பார்க்க ஆசைப்படாமல் வேறென்ன செய்வாள்? பேசும்போது மட்டும் என் மகள் இன்னும் தன்னை வெளியிலிருந்துதான் பார்க்கிறாள். செருப்பை எடுத்தால் "பாப்பா போதும், பாப்பா போதும்" என்று கத்துகிறாள். போட்டது போதும் என்பதில்லை, பாப்பாவே போடும் என்கிறாள்.

வெளியே கிளம்பும் நேரம்தான் இதற்குச் சோதனை. இங்கே எனக்குக் கைகொடுத்த ஒரு வழியைச் சொல்கிறேன். வேலையைத் துண்டு போட்டு, கடைசித் துண்டை அவளுக்கு வைப்பது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உடுத்தவும் குளிக்கவும் கற்றுத்தரும் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான். செருப்பில் கால் நுழையும் வரை நான், வெல்க்ரோ பட்டையை அழுத்தி ஒட்டுவது அவள். கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றுவது நான், இடுப்புக்கு இழுப்பது அவள். மேல்சட்டை ஜிப்பின் அடி முனையைக் கோர்ப்பது நான், கழுத்து வரை சர்ரென்று ஏற்றுவது அவள். முதல் துண்டைக் குழந்தையிடம் கொடுத்தால் அது கஷ்டப்பட்டுத் தொடங்கும், நாம் பிடுங்கி முடிப்போம், அழுகை வரும். கடைசித் துண்டைக் கொடுத்தால் வேலையை முடித்தவள் அவளாகிறாள். ஒட்டிய பட்டையை நிமிர்ந்து காட்டும்போது அந்த முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்க்கவேண்டும். கடைசித் துண்டு பழகியதும் அதற்கு முந்திய துண்டையும் விட்டுக்கொடுக்கலாம்.

எல்லா நாளும் இதற்கு நேரம் இருக்காது. காய்ச்சல், மழை, முக்கியமான வேலை என்று வரும் நாட்களில், "இன்னிக்கு அப்பா போட்டு விடுறேன், சாயங்காலம் நீ" என்று சொல்லிவிட்டு மாட்டிவிடுகிறேன். அழுவாள், தூக்கிக்கொள்வேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

செருப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருநாள் பொம்மையின் கட்டைவிரல் அளவு செருப்பைக் கழற்றி, தன் பாதத்தை அதற்குள் நுழைக்கப் பார்த்தாள். விளையாட்டாக இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, முழு மூச்சாக. 18 மாதம் முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகள் இப்படிச் செய்வதை ஜூடி டிலோச் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2004-ல் பதிவு செய்திருக்கிறார்கள். கையகலப் பொம்மைக் காருக்குள் ஏறப் பார்ப்பார்கள், பொம்மை நாற்காலியில் உட்காரப் பார்ப்பார்கள். செருப்பு என்று கண்டதும் கால் நீள்கிறது, அளவு பிறகுதான் மனசுக்கு எட்டுகிறது. இது ஒரு சில மாதங்களில் தானாகவே போய்விடுமாம். போவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது விழுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூயார்க்கில் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் இஷ்டத்துக்கு விளையாடுவதைப் பதிவு செய்து எண்ணி, 2012-ல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள் எடுத்து வைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள். ஒரு நாளைக்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு. இதைப் படித்ததிலிருந்து குழந்தைகள் விழுவதை நான் பார்க்கும் விதமே வேறு. விழுவதும் நடையின் ஒரு பகுதிதான்.

விழுந்தவள் முதலில் செய்வது என் முகத்தைப் பார்ப்பது. அழலாமா வேண்டாமா என்று அங்கேதான் தேடுகிறாள். 1985-ல் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கண்ணாடித் தளத்துக்குக் கீழே பள்ளம் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா முகத்தில் சந்தோஷம் தெரிந்தபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்தன. பயம் தெரிந்தபோது ஒன்றுகூட வரவில்லை. உலகத்தின் ஆபத்தையும் பத்திரத்தையும் நம் புருவத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே நிஜமாக அடிபடாதபோது "ஐயய்யோ" என்று நான் பாய்வதில்லை. "விழுந்துட்டியா? எழுந்துக்கோ" என்கிறேன். அடிபட்டிருந்தால் அவளே வருவாள், அப்போது அணைத்துக்கொள்ள இரண்டு கையும் தயாராக இருக்கிறது.

இனி, அழுகை. பங்கு கொடுக்கிறேன் என்பதற்காக அழுகை இல்லாத வீடு என்று நினைக்கவேண்டாம். நேற்று மாலைகூடக் குளியலறையில் குழாயை மூடியதற்கு ஒரு பெரிய அழுகை. குவளையைக் கழுவும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். கழுவி முடித்தாயிற்று, மறுபடி கழுவினாள், மறுபடியும். தண்ணீர் வீணாகிறது என்று குழாயைத் திருகினேன். அவ்வளவுதான். ஈரத்தரையில் மல்லாந்துவிட்டாள். முதுகு வில்லாக வளைந்தது. தொட்டால் உதறினாள், தொடாமல் இருந்தால் இன்னும் சத்தமாக அழுதாள். குழாயைத் திறந்தாலும் இனி ஆகாது. மூடியதே அவளுக்கு இல்லாமல் போகவேண்டும், காலம் பின்னால் போகவேண்டும் என்கிற அழுகை அது.

இந்த நேரத்தில் விளக்கம் சொல்லி ஒரு பயனும் இல்லை. பொங்கி வரும் உணர்ச்சியை அடக்கிப் பிடிக்கும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர்ச்சி அடைய இருபது வயதுக்கு மேல் ஆகிறது. பெரியவர்களுக்கே கை மீறிப்போகிற சமாசாரம், இரண்டு வயதில் எங்கிருந்து வரும்? நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "குழாய மூடினது புடிக்கல. இன்னும் கழுவணும்னு இருந்துது" என்று ஒரு தடவை சொன்னேன். அப்புறம் சும்மா இருந்தேன். போட்டகல், டேவிட்சன் என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வயதுக் குழந்தைகளின் ஆங்காரங்களில் நாலில் மூன்று பங்கு 5 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் என்பதுதான் அதிகம் காணப்படும் கால அளவு. உட்கார்ந்திருப்பவருக்கு அரை மணி நேரமாகத் தோன்றும், அது வேறு. கோபம் வடிந்து விசும்பலாக மாறும் இடம் காதுக்குத் தெரியும். அந்த இடத்தில் கையை நீட்டினேன், மடிக்கு வந்துவிட்டாள். குழாய் மூடியேதான் இருந்தது. அவள் அழுததற்காக நான் முடிவை மாற்றவும் இல்லை, அழுததற்காக அவளைக் கோபிக்கவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கஷ்டம். ஒன்றை மட்டும் பிடிப்பது எல்லோருக்கும் சுலபம்.

பங்கு கிடையாது என்று கண்டிப்பாக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. அடுப்பு, கத்தி, கொதிக்கும் எதுவும். கண்ணுக்கு அவ்வளவு ஆபத்தாகத் தெரியாதவை இன்னும் மோசம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் காசு அளவு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும் அளவுக்குப் புண்ணாகலாம். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கவேண்டும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். வாளியின் அடியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே இந்த வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கிவிடும். கழுவும் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நான் வெளியே வருகிறேன். குழந்தை ஏறினால் சாயும் அலமாரியைச் சுவரோடு பிணைக்கவேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே செய்துவைத்தால்தான் மற்ற நேரத்தில் "தொடாதே, போகாதே" என்று கத்தாமல் அவளை அவள் பாட்டுக்கு விட முடிகிறது.

தூக்கம் கெட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, ஒன்று முதல் இரண்டு வயதுக்காரர்களுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கம் தவறிய நாளில் செருப்பு, ஜிப், குழாய் எல்லாமே தகராறுதான். அன்றைக்கு நான் வேலையைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் படுக்கப்போடுவேன்.

போன வாரம் மனைவி கேட்டாள்: "இதெல்லாம் இவளுக்கு ஞாபகம் இருக்குமா?"

இருக்காது. பெரியவர்களைக் கேட்டால் அவர்களுடைய ஆக முந்திய நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதெல்லாம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அழிந்துபோகிறது. கொடிக்குக் கீழே டப்பாவோடு நின்றது, கைக்குட்டையை உருட்டியது, ஈரத்தரையில் கிடந்து அழுதது, ஒன்றும் அவளிடம் மிஞ்சாது. ஆனால் கை பழகிய பழக்கம் வேறொரு கணக்கில் சேர்கிறது. நடக்கக் கற்ற நாளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, நடையை யாரும் மறப்பதும் இல்லை. பள்ளிக்குப் போகும் வயதில் அவள் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்புவாள், யார் சொல்லித் தந்தது என்று அவளுக்குத் தெரியாது. மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.

இப்போதைக்கு ஜிப்பில் அடி முனையைக் கோர்ப்பதுதான் பாக்கி. அந்தச் சின்ன முள்ளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டைக்குள் நுழைக்க அவள் விரல்களுக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அது என் பங்கு.